மூத்தவன் குடித்த பால்

மல்லிகைப் பூ வாழை இலையில் பொதிந்து வந்தது. கட்டாத உதிரிப் பூ. எல்லாம் மொட்டு. கீழ்வீட்டில் பூக்கட்டும் அக்கா படியேறி வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். தலைக்கு வைக்கக் கேட்ட பூ இல்லை அது. என் மாரில் வைத்துக் கட்டுவதற்காக மதினி கேட்டிருந்தார். பால் கட்டி இரண்டு பக்கமும் கல்லாகக் கிடந்தது. காய்ச்சல் வேறு. சேலைத் தலைப்பு பட்டாலே உயிர் போனது. தொட்டிலில் சின்னவள் கிடந்தாள். பிறந்து மாதம் ஆகவில்லை. சுவரோரம் மூத்தவன் நின்றான். இரண்டு வயது நிறையவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள். நான் அழவில்லை. அழுதால் யார் வந்து தூக்குவது என்று இருந்தது.

மதினி என்றால் எங்கள் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டவர். கடலைக் காடும் நாலு ஆடும் உள்ள குடும்பம். என் அம்மா நான் சமைவதற்கு முந்தியே போய்விட்டது. அதனால் இரண்டு பிரசவத்துக்கும் மதினிதான் வந்தார். காட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஒரு கட்டைப் பையில் இரண்டு சேலையும் பூண்டும் கருவாடும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுப்படிக்குப் போவார். சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. சொன்னால் சொன்னதுதான். எங்கள் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். தெருவில் நாலு பேரை அதட்டுவார். அக்கா முன்னால் வாய் திறக்க மாட்டார்.

அப்போது பழங்காநத்தத்தில் மாடியில் ஒரு அறையும் அடுப்படியுமாகக் குடியிருந்தோம். குழாய் கீழே. தண்ணீர் வரும் நேரம் மூத்தவன் முழித்திருந்தால் அவன் இடுப்பில் பழைய சேலையைச் சுற்றி மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு இறங்குவேன். இல்லாவிட்டால் படியில் உருண்டுவிடுவான். ஆட்டுக்குட்டியைக் கட்டின மாதிரி கட்டியிருக்கிறாளே என்று எதிர்வீட்டில் பேசினார்கள். பேசட்டும். அவர்கள் வந்து ஒரு குடம் தூக்கித் தரவில்லை. சின்னவள் பிறந்த பிறகு வேலை இரண்டு மடங்கு ஆனது. ஒருத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது இன்னொருத்தன் வெந்நீருக்குள் கையை விடுவான். ஒருத்தி தூங்கினால் இன்னொருத்தன் தட்டைத் தட்டி எழுப்புவான். வெயிலில் பீத்துணி காய்வதற்குள் அடுத்த துணி சேர்ந்துவிடும். நான் சாப்பிட்டேனா இல்லையா என்பதை மதியம் வயிறு சொன்னால்தான் எனக்கே தெரியும். எல்லா வீட்டிலும் இப்படித்தான். இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல இருப்பது பால் விஷயம்தான். மூத்தவன் அப்போதும் என்னிடம் பால் குடித்துக்கொண்டிருந்தான். சின்னவள் வயிற்றில் இருந்தபோதே மறக்கடித்திருக்க வேண்டும் என்று மதினி சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. அவனுக்குச் சோறு சரியாக இறங்காது. பால் குடித்தால்தான் கண் மூடுவான். சின்னவளை மடியில் போட்டுக் கொடுக்கும்போது இவனும் வந்து மறுபக்கம் முட்டுவான். மதினி ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார். பிறகு சொல்லிவிட்டார்.

“இனி இவனுக்குக் குடுக்காத. ரெண்டு வாய்க்கும் சேத்துக் குடுத்தா ரெண்டும் தேறாது.”

சின்னவள் பிறந்ததே எடை குறைவு. கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள். அவள் பாலை இவன் குடிக்கிறான் என்று மதினி நினைத்தார். தப்பாக நினைத்தார் என்று எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலையில் வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார். நான் ரவிக்கையை அவிழ்த்தேன். மூத்தவன் ஓடி வந்து வாய் வைத்தான். உடனே எடுத்தான். எண்ணெய் கசந்ததற்கு அழுவான் என்று நினைத்திருந்தேன். அவன் அழவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டான். இளையவளுக்குக் கொடுக்கும்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கொடுத்தேன். இவன் வருகிற மாதிரி தெரிந்தால் மதினி மறுபடி தடவிவிடுவார். கொஞ்ச நாளில் தடவ வேண்டிய வேலையே இல்லை. அவன் வருவதை நிறுத்திவிட்டான். பால் குடிக்க மட்டும் இல்லை, என்னிடம் வருவதையே நிறுத்திவிட்டான்.

பிறகு அவனுக்குச் சவலை பாய்ந்தது. அடுத்த பிள்ளை வந்ததும் மூத்த பிள்ளை ஏங்கி இளைப்பதைச் சவலை என்பார்கள். எங்கள் பக்கம் தெரியாதவர்கள் இல்லை. கை கால் குச்சியானது. வயிறு மட்டும் முன்னால் வந்தது. சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றான். தொட்டில் பக்கம் போனால் சின்னவளைக் கிள்ளாமல் திரும்ப மாட்டான். ஒரு நாள் கரண்டியை எடுத்து எறிந்தான். அவள் காது ஓரமாகப் போய் விழுந்தது. நான் முதுகில் ஒன்று வைத்தேன். அதற்கும் அவன் என்னிடம் வந்து அழவில்லை. படிப்படியாக உட்கார்ந்தே இறங்கி, கீழே பூக்கட்டும் அக்காவிடம் போய் அழுதான்.

இது ஒரு பக்கம் இருக்க, அவன் திடீரென்று நிறுத்தியதில் எனக்குப் பால் கட்டிவிட்டது. சின்னவள் குடிக்கிற அளவு கொஞ்சம். மீதி எல்லாம் உள்ளே நின்று கல்லானது. அதற்குத்தான் பூ. மல்லிகை மொட்டை மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றும். பூக்கட்டும் அக்கா போகாமல் நின்றதும் அதனால்தான்.

“பாத்து வைங்கக்கா. பிள்ளை தங்காத வீட்டுலதான் இதைக் கேட்டு வருவாக,” என்று மதினியிடம் சொன்னார்.

“தெரியும். கட்டு இளகுனதும் எடுத்துருவேன்.”

பூக்கட்டும் அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். “ஊருல அம்புட்டுப் பேரும் தலைக்குப் பூ கேக்குறாக. இவுக வீட்டுல மட்டும் ரவிக்கைக்குக் கேக்குறாக” என்று சொல்லி அவராகவே சிரித்துக்கொண்டு இறங்கினார்.

பூ வைத்ததும் குளுகுளுவென்று இருந்தது. சாயங்காலத்துக்குள் வலி பாதியானது. காய்ச்சல் இறங்கியது. எனக்கு அவ்வளவு சுகமாக இருந்ததைப் பார்த்து மதினி மறுநாளும் புதுப் பூ வாங்கி வைத்துக் கட்டினார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டு போனது. கூடவே பாலும் போனது. சின்னவள் வாய் வைத்து இழுத்தாள், விட்டாள், அழுதாள். மறுபடி இழுத்தாள். கொஞ்ச நாளில் அழுகிற சத்தமும் குறைந்துவிட்டது. அழாத பிள்ளை நல்ல பிள்ளை என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. மதினி பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார். பால்சுறா மீன் வாங்கிப் புட்டு செய்து கொடுத்தார். சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு உடம்பு வைத்தது. பால் மட்டும் வரவில்லை.

எடை பார்க்கிற அன்றைக்கு நானும் மதினியும் சின்னவளைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நர்ஸம்மா தராசில் போட்டுப் பார்த்தார். எடுத்துவிட்டு இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். பிறந்த எடையைவிடக் கீழே போயிருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மதினியே பூ வைத்ததைச் சொன்னார். மறைக்கவில்லை. நர்ஸம்மா திட்டவில்லை. பிள்ளை இழுக்க இழுக்கத்தான் பால் ஊறும் என்றும், இது இழுக்க வலு இல்லாமல் கிடக்கிறது என்றும், அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்றும் சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது மதினி பிள்ளையை வைத்திருந்தார். சேலையால் வெயில் படாமல் மூடியிருந்தார். வீட்டுப் படிக்குக் கீழே மூத்தவன் பூக்கட்டும் அக்கா மடியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். ஒரு துண்டைப் பல்லால் கடித்து, கையால் பிடித்து இழுத்துப் பிய்த்தான். மதினி நின்று அதைப் பார்த்தார்.

“இவனுக்கு வலு இருக்குல்ல,” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. மாடிக்கு வந்ததும் மதினி வெந்நீர் வைத்தார். பயத்தமாவு போட்டு என் மாரை அவரே கழுவினார். பானை விளக்குவது போல அழுத்தித் தேய்த்தார். பாயில் உட்கார வைத்துவிட்டு மூத்தவனைக் கூட்டி வந்தார். “குடிடா” என்றார். அவன் கதவுக்குப் பின்னால் போய்விட்டான். “கச்சி” என்றான். கசப்புக்கு அவன் வைத்திருந்த சொல் அது. நான் கூப்பிட்டேன். கை நீட்டினேன். மதினி சீனியைக் காட்டினார். சீனியை வாங்கித் தின்றுவிட்டு மறுபடி கதவுக்குப் பின்னால் போனான். கதவிடுக்கில் ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்தது. வேப்பெண்ணெய் தடவிய அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. கசந்தது எண்ணெய் என்று அவனுக்குத் தெரியாது. நான்தான் கசக்கிறேன் என்று நினைத்திருக்கிறான். தொட்டிலில் சின்னவள் சத்தமே இல்லாமல் கிடந்தாள்.

மதினி கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் அப்படிக் கால் நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“இங்க பாருடா. கச்சி வச்சது அத்தை. ஒங்கம்மா இல்ல. அத்தையை அடி.”

கையை நீட்டினார். அவன் வெளியே வந்தான். கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு ஓங்கி ஒன்று வைத்தான். மதினி கையை எடுக்கவில்லை. இன்னொன்று வைத்தான். அப்புறம் முகத்தில் அடித்தான். மூக்குத்தியில் பட்டு அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் எழுந்தேன். மதினி, இரு என்று கையைக் காட்டினார். அவன் அடித்தான், அழுதான், அழுதுகொண்டே அடித்தான். இத்தனை நாளும் என்னிடம் அழாத அழுகை எல்லாம் அன்றைக்கு வந்தது. கை ஓய்ந்ததும் விம்மிக்கொண்டே என்னிடம் வந்தான். உடனே வாய் வைக்கவில்லை. விரலால் தொட்டான். விரலை நக்கிப் பார்த்தான். மறுபடி தொட்டு நக்கிப் பார்த்தான். அப்புறம்தான் வாய் வைத்தான்.

முதலில் ஒன்றும் வரவில்லை. அவன் விடவில்லை. பன்னைப் பிய்த்த மாதிரி இழுத்தான். எனக்கு வலித்தது. கொஞ்ச நேரத்தில் மாருக்குள் சுருக்கென்றது. வாய் வைக்காத பக்கமும் சேலை நனைந்தது. மதினி அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவசரமே இல்லாமல் எழுந்து, சின்னவளைத் தூக்கி வந்து அந்தப் பக்கம் வைத்தார். அவள் இழுக்கத் தேவை இல்லை, தானாக வந்தது. விழுங்கும் சத்தம் கேட்டது. மூத்தவன் குடித்துக்கொண்டே கையை நீட்டினான். கிள்ளப் போகிறான் என்று நினைத்தேன். கையை அவள் தலையில் வைத்தான். எடுக்கவில்லை. நான் மதினியைப் பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பித் துணி மடித்துக்கொண்டிருந்தார். அது அவர் காலையிலேயே மடித்து வைத்திருந்த துணி.

அதற்குப் பிறகு தினமும் அவனுக்குத்தான் முதல் வாய். பால் இறங்கியதும் அவளை வைப்போம். அடுத்த வாரம் தராசு கொஞ்சம் ஏறியது. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பார்க்க வந்தவர்கள், ரெட்டைப் பிள்ளையா என்று கேட்டுச் சிரித்தார்கள். சின்னவளுக்குக் கழுத்து நின்றதும் மதினி கட்டைப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். “வாரேன்” என்றார். அந்தப் பூவைப் பற்றியோ எண்ணெயைப் பற்றியோ எங்களுக்குள் அன்றைக்கும் பேச்சு இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. அவர் தப்பு என்று நான் நினைக்கவில்லை. அவர் பார்த்து வளர்ந்ததை அவர் செய்தார். நானும் தலையாட்டினேன். ஆனால் செய்ததை மாற்றிச் செய்ய அவரால் முடிந்தது. வயது வந்தவர்கள் அதைச் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு சின்னப் பிள்ளை முன்னால் தரையில் உட்கார்ந்து முகத்தைக் கொடுப்பது லேசு இல்லை.

இப்போது நாங்கள் திருப்பரங்குன்றம் பக்கம் குடிவந்துவிட்டோம். குழாய் வீட்டுக்குள்ளேயே வருகிறது. மூத்தவன் ஒன்பதாவது படிக்கிறான். என்னைவிட உயரம். சின்னவளும் அவனும் ஒரு போனுக்கு அடித்துக்கொள்கிறார்கள். நான் விலக்கப் போவதில்லை. அடித்துக்கொள்ள இரண்டு பேர் இருக்கிறார்களே என்று அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன தை மாதம் மதினி ஊருக்கு ஒரு காதுகுத்துக்குப் போனோம். சமையலுக்குக் காய் அரிந்துகொண்டு பெண்கள் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தோம். புதிதாகப் பிள்ளை பெற்ற ஒரு பெண் ஓரமாக உட்கார்ந்து கைப்பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூத்த பையன் பின்னாலிருந்து வந்து தோளைச் சுரண்டினான். கூட்டம் கேலி பேசியது. மாப்பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகும் குடிப்பான் போல என்று ஒருத்தி சொன்னாள். வேப்பெண்ணெய் தடவு, நாலு நாளில் மறந்துவிடுவான் என்று இன்னொருத்தி சொன்னாள். அந்தப் பெண் வெட்கப்பட்டுப் பையனைத் தள்ளினாள்.

மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“தடவாதத்தா. அப்புறம் ஒன்னைய நம்ப மாட்டான். திரும்ப நம்ப வைக்க ஒருத்தி அடி வாங்கணும்.”

என்னமோ சொல்கிறது கிழவி என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கையை நகர்த்திப் பையனுக்கு இடம் விட்டாள். நான் நகர்ந்து மதினி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெங்காயத்தில் பாதியை என் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் உரித்தோம்.