மதினி என் கையில் பிள்ளையைக் கொடுத்த மத்தியானம்

நம்ம அன்பியத்துல ஜெபம் பண்ணக் கூடியிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்டெல்லா. நர்ஸா வேலை பாக்குறேன். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்துன தவசு காலத்துல எங்க வீட்டுல ஒரு பச்சப் பிள்ளை செத்திருக்கணும். சாகல. எப்படிச் சாகலன்னு சொல்லத்தான் எந்திரிச்சு நிக்கிறேன். அந்தப் பிள்ளையப் பெத்த எங்க மதினிகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். "சொல்லு ஸ்டெல்லா, நம்ம பட்டது இன்னொரு வீட்டுக்காவது ஆகட்டும்"னு அவங்கதான் அனுப்பி விட்டாங்க.

அப்ப நான் எம்.எஸ்சி. நர்சிங் படிச்சுக்கிட்டிருந்தேன். மனநலப் பிரிவு. நான் கேட்டது குழந்தைகள் பிரிவு. அதுல சீட் இல்ல, இதுதான் இருக்குன்னுட்டாங்க. பஸ்ஸுல அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். சொந்தக்காரங்க சிரிச்சாங்க. "பைத்தியத்தப் பாக்குறதுக்கு ஒரு மேல்படிப்பா?"ன்னு கேட்டாங்க. கடவுளே, உனக்கு வேற எடமே கெடைக்கலயான்னு நானும் சண்டை போட்டேன்.

வார்டுல எங்களைப் போட்டப்ப ஒரு பொண்ணைப் பாத்தேன். பேரு சொல்லக் கூடாது. பிரசவம் ஆன கொஞ்ச நாள்ல புத்தி பேதலிச்சுப்போய், பெத்த பிள்ளையத் தன் கையாலேயே தண்ணித் தொட்டியில போட்டுட்டா. மருந்து குடுத்ததும் தெளிஞ்சுட்டா. தெளிஞ்சப்பறம்தான் என்ன செஞ்சோம்னு அவளுக்குப் புரிஞ்சுச்சு. அந்தச் சத்தத்தை நான் இங்க சொல்ல மாட்டேன். எங்க மேடம் எங்களை வெளிய கூட்டிட்டு வந்து, "பிள்ளை பெத்தவளுக்குத் தூக்கம் அத்துப் போச்சுன்னா ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்கம்மா. தாயும் பிள்ளையும் ரெண்டு பேருமே ஆபத்துல இருக்காங்க"ன்னாங்க.

எங்க அண்ணன் சேவியருக்கு வீட்டுக்குப் பின்னாடியே கனகாம்பரத் தோட்டம். விடியுறதுக்குள்ள பூவப் பறிச்சு திண்டுக்கல் மார்க்கெட்டுல போட்டுட்டு வந்துருவாரு. மதினி ரோசிக்கு ரொம்ப வருஷம் பிள்ளை இல்ல. ஏறாத கோயில் இல்ல. அவங்களுக்குத் தாய் இல்லாததுனால பேறுகாலம் எங்க வீட்டுலதான். பொம்பளப் பிள்ளை. தெரு பூராவும் மிட்டாய் குடுத்தோம்.

ஒரு வாரம்கூட ஆகல. மதினி தூங்குறத விட்டுட்டாங்க. பச்ச உடம்போட வீட்டைக் கழுவிக்கிட்டே இருந்தாங்க. கேட்டதையே கேட்டாங்க. பிள்ளை மூஞ்சியத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. ஒருநாள் என் காதுகிட்ட வந்து, "ஸ்டெல்லா, இது என் பிள்ளை இல்ல. மாத்திட்டாங்க. யார்ட்டயும் சொல்லிராத"ன்னாங்க.

புஸ்தகத்துல படிச்சது அப்படியே எங்க வீட்டுக் கட்டில்ல உக்காந்திருக்கு.

அண்ணன்கிட்ட சொன்னேன். "அண்ணே, இது நோவு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எந்த ஆஸ்பத்திரிக்கு? உன் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா?"

"கொணமாயிரும்ணே. மருந்து இருக்கு."

"பேசாம இரு. நாளைக்கு என் மகளை எவன் கட்டுவான்? பைத்தியத்தோட மகள்னுதான ஊரு சொல்லும்?"

அம்மா என் பக்கம் நிப்பாங்கன்னு நெனச்சேன். அவங்க, "பச்ச உடம்புக்காரி, ஏதோ பயந்திருக்கா. மந்திரிச்சாச் சரியாயிரும்"னுட்டாங்க. கட்டிப்போட்டு ஜெபம் பண்ற ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறதா ரெண்டு பேரும் முடிவு பண்ணி, மறுநாளைக்கு வண்டிக்கும் சொல்லிட்டாங்க.

நான் காலேஜுக்குப் போகாம பிள்ளைய மடியிலேயே வச்சுக்கிட்டிருந்தேன். மதினி பால் குடுக்கணும்னு கேட்டா பக்கத்துலயே உக்காந்துக்குவேன். அன்னைக்கு மத்தியானம் அண்ணனுக்குக் கோவம் வந்துருச்சு. "பெத்தவகிட்ட இருந்து பிள்ளையப் பிடுங்குறியா நீ? படிச்ச திமிரா?"ன்னு என் மடியில இருந்து பிள்ளையத் தூக்கி மதினிகிட்ட குடுத்தாரு. "இந்த ரூம்ல இனிமே நீ நிக்கக் கூடாது"ன்னு கதவைச் சாத்திட்டாரு.

எனக்குப் போறதுக்கு எடம் இல்ல. ஊர்க்கோயிலுக்கு ஓடுனேன். உள்ள யாருமே இல்ல. பீடத்துல தவசு காலத்து ஊதாத் துணி போட்டிருந்துச்சு. வாயில ஜெபமாலையும் வரல, அருள்நிறை மரியேயும் வரல. "ஆண்டவரே, நான் சொன்னா இவங்க கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்களே சொல்லுங்க"ன்னேன். அம்புட்டுத்தான் என் ஜெபம். சொல்லி முடிக்கிறதுக்குள்ள, எந்திரிச்சுப் போன்னு யாரோ முதுகுல கை வச்ச மாதிரி இருந்துச்சு. நம்புறவங்க நம்புங்க.

வீட்டுக்குள்ள வந்தா முன் அறையில அண்ணன் கண்ணசந்து கெடக்காரு. அம்மா அடுப்படியில. ரூம்ல மதினி இல்ல. பிள்ளையும் இல்ல. பின்கதவு தொறந்து கெடக்கு.

தோட்டத்துக்கு நடுவுல கெணறு. சுத்துச்சுவரு இடிஞ்சு ரொம்ப நாளாச்சு. அந்த வெயில்ல மதினி செருப்பில்லாம, பிள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு கெணத்தப் பாத்து நடக்குறாங்க.

கத்தணும்னுதான் வந்துச்சு. கத்தல. கத்தக் கூடாது, பாய்ஞ்சு பிடிக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. வேகமா நடந்து அவங்க பக்கத்துல போயிட்டேன். கூடவே நடந்தேன்.

"மதினி, எங்க போறீங்க?"

"இதக் கெணத்துல போடச் சொல்றாங்க ஸ்டெல்லா. போட்டா என் சொந்தப் பிள்ளை கெணத்துல இருந்து மேல வந்துருமாம்."

"யாரு சொல்றா?"

"உனக்குக் கேக்கலயா?"

"எனக்குக் கேக்கல மதினி. உங்களுக்குக் கேக்குதுன்னு தெரியுது. பயமா இருக்கா?"

மதினி நின்னுட்டாங்க. அந்த வீட்டுல அதுவரைக்கும் ஒருத்தரும் அவங்ககிட்ட அப்படிக் கேக்கல. கெணத்தப் பாத்தாங்க. பிள்ளையப் பாத்தாங்க. நான் கைய மட்டும் நீட்டிக்கிட்டு நின்னேன். மனசுக்குள்ள இயேசுவே, இயேசுவேன்னு அது ஒண்ணுதான் ஓடுச்சு.

"ரொம்பப் பயமா இருக்கு"ன்னாங்க. "இந்தா, நீ பிடி. என் கையில இத யாரும் குடுத்துராதீங்க. நான் ஏதாவது பண்ணிருவேன்."

பிள்ளைய என் கையில வச்சாங்க.

திரும்பிப் பாத்தா, நான் வந்த சத்தத்துல முழிச்ச அண்ணன் பின்னாடி நிக்காரு. எல்லாத்தையும் கேட்டுட்டாரு. அப்படியே கனகாம்பரப் பாத்தியில உக்காந்து தலையில கைய வச்சுக்கிட்டாரு. "எங்க தாயி கூட்டிட்டுப் போகணும்?"னு கேட்டாரு. நான் எம்புட்டுப் பேசியும் எறங்காதது, புத்தி கெட்டுப்போச்சுன்னு நாங்க ஒதுக்கி வச்ச வாயில இருந்து வந்து அவருக்குள்ள எறங்குச்சு. என் ஜெபத்துக்கு ஆண்டவர் அந்த வாயத்தான் எடுத்துக்கிட்டாரு.

அன்னைக்கே சேத்தோம். லேசுல முடியல. மருந்துனால பால நிறுத்த வேண்டியதாச்சு. மாருல பால் கட்டிக்கிட்டு மதினி அழுவாங்க. சிகிச்சைக்குத் தலையில கரண்டு வைக்கணும்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு, அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. மயக்கம் குடுத்துத்தான்ணே வைப்பாங்க, வலிக்காதுன்னு நான் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்லத்தான் போட்டாரு. அம்மா வீட்டுல பிள்ளைக்கு டப்பாப் பால் குடுத்துப் பாத்துக்கிட்டாங்க.

தெளிவு வந்த அன்னைக்கு நான் கூட இருந்தேன். மதினி அண்ணன் கையப் பிடிச்சுக்கிட்டு, "நான் பிள்ளைய என்ன பண்ணுனேன்?"னு கேட்டாங்க.

அண்ணன் சொன்னாரு: "என் தங்கச்சி கையில பத்திரமாக் குடுத்த."

வேற எதுவும் சொல்லல. அதுல பொய்யும் இல்ல.

எல்லாம் பழையபடி ஆயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். மதினி இன்னும் மாத்திரை சாப்பிடுறாங்க. அடுத்த பிரசவத்துலயும் வரலாம்னு டாக்டர் சொன்னதால, இந்த ஒண்ணு போதும்னு இருந்துட்டாங்க. சில சொந்தக்காரங்க நல்லது கெட்டதுக்குக் கூப்புடுறதில்ல. அண்ணன் கெணத்தச் சுத்திக் கம்பி வலை போட்டுட்டாரு. அந்தப் பக்கம் அவரு இன்னைக்கும் தனியாப் போறதில்ல. எனக்கும் வலிக்குதுதான். ஆனா இந்தப் படிப்ப ஏன் குடுத்தீங்கன்னு நான் இப்ப கேக்குறதில்ல. படிப்பு முடிஞ்சதுல இருந்து பேறுகால வார்டுக்குப் போயி, "தூக்கம் வருதாம்மா? மனசுல பயமா இருக்கா?"ன்னு கட்டில் கட்டிலாக் கேக்குறதுதான் என் வேலை.

உங்க தெருவுல பிள்ளை பெத்தவ யாராவது தூங்காம இருந்தா, கேலி பேசாதீங்க, கட்டிப் போடாதீங்க. பக்கத்துல உக்காந்து கேளுங்க. அவளுக்காக முழங்கால் போடுங்க, அப்பறம் எந்திரிச்சு அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. முழங்கால்ல நிக்கும்போது கேட்ட ஆண்டவர் வண்டியிலயும் கூட வருவாரு. எங்ககூட வந்தாரு.

மதினி ஏன் இன்னைக்கு வரலன்னு கேப்பீங்க. பிள்ளைக்கு லேசாக் காய்ச்சல். அண்ணன் பூப் பணம் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருக்காரு, அம்மா இந்தா இங்க உக்காந்திருக்காங்க. மதினி வீட்டுல பிள்ளையோட தனியா இருக்காங்க. கதவச் சாத்திட்டு, பயமில்லாம வந்திருக்கோம்.

ஆண்டவருக்கு நன்றி.