சரசு அக்காவின் பெரட்டு

இதை யாருக்கும் காட்டாதீர்கள். பள்ளி வேனில் என்னோடு வந்த உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் சரசு அக்காவின் பெயரைச் சொல்லக் கூடாது. இறந்த பிறகும் கூடாது.

திங்கட்கிழமை காலை நீங்கள் உங்கள் வாசல்களில் காத்திருந்திருப்பீர்கள். நான் மீன் சந்தை மூலையில் தனியாக நின்றேன். வேன் வரவில்லை. அங்கிருக்கும் ஐஸ் கடை அக்கா வந்து, "வீட்டுக்குப் போம்மா. சரசு இனிமே வராது லா. டெங்கிக் காய்ச்சல். தைப்பிங் ஆஸ்பத்திரியிலயே போயிருச்சி" என்றார். நான் அங்கேயே நின்று பஸ் ஏறினேன்.

கடல் ஏறிய அந்தக் காலை ஞாபகம் இருக்கிறதா? நம் ஊரைவிட்டு வெளியேறும் ஒரே சாலையும் தண்ணீரில் மறைந்துவிட்டது. அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினார். கவிதா, நீதான் கத்தினாய், "அக்கா, திரும்பிப் போலாம்!" என்று. "உப்புத் தண்ணியில வேன்தான் துருப்பிடிக்கும். ஒனக்கு என்னாடி? இன்னைக்குப் பரீட்சை லா" என்றார்.

அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். விடியலில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு அங்கே பெரட்டு என்று பெயராம். அதனால்தான் வீட்டுக்கு வீடு வேனை நிறுத்தி, "பெரட்டு! பெரட்டு!" என்று கத்துவார். என் அப்பா தமிழ்நாட்டிலிருந்து கடை வேலைக்கு வந்தவர். அந்தச் சொல்லை அறியாதவர். ஒருநாள் அது அவர் காதில் 'புரட்டு' என்று விழுந்துவிட்டது. சட்டையில்லாமல் வாசலுக்கு ஓடினார்.

"யாரைப் பார்த்துப் புரட்டுங்கிற? என்ன பொய் சொன்னேன் நான்?"

"ஐயோ அண்ணே, பெரட்டு லா! ஒங்க மகளக் கூப்பிடுறேன். நீங்களும் வேணும்னா ஏறுங்க, கடைசி சீட்டு காலியா இருக்கு!"

நாம் சிரித்தோம். எதிர்வீட்டிலும் சிரித்தார்கள். அப்பாவால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. "இனி பஸ்ஸுல போ. முடியலன்னா படிப்ப விட்டுட்டு பீடோர்ல இருக்குற அத்தை கடையில நில்லு" என்றார். பஸ்ஸில் போனால் பள்ளி மணி அடித்த பிறகுதான் தைப்பிங் சேரலாம். அக்கா அம்மாவைத் தனியே பார்த்து, "மீன் சந்தை மூலைக்கு அனுப்புங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார். எல்லார் வாசலிலும் கத்தியவர் என்னை மட்டும் சத்தமில்லாமல் ஏற்றிக்கொண்டார்.

அவரைக் கொண்டுபோன வண்டி எங்கள் வீட்டைக் கடந்தபோது அப்பா சன்னலைச் சாத்தினார். நான் மேளத்தை மட்டும் கேட்டேன்.

இந்த வாரம் முழுவதும் பஸ்ஸில் போகிறேன், தினமும் தாமதம். இன்று பள்ளியிலிருந்து அப்பாவுக்கு போன் வந்தது. "இத்தனை மாசம் அதே பஸ்ஸுல நேரத்துக்குப் போனவ, இப்ப மட்டும் ஏன் லேட்டு?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சமையலறைக்குள் போய்விட்டார். "பஸ் நிக்கிற எடத்து ஐஸ் கடையில கேட்டுட்டு வரேன்" என்று அப்பா கிளம்பிப் போனார். இன்னும் வரவில்லை. தெரிந்தால் பீடோர்தான். வரப்போகிற தேர்வும் எழுத முடியாது.

மழையில் வேன் கண்ணாடி மங்கும்போது அக்கா உள்ளங்கையால் ஒரு சின்ன வட்டம் துடைப்பார். "இவ்வளவு ரோடு தெரிஞ்சா போதும், போலாம்" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன், எனக்கு எதுவும் தெரியவில்லை.

கேட் திறக்கிறது. அப்பா உங்களிடம் வந்து கேட்டால், அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லுங்கள். கதவைத் தட்டுகிறார். நான்தான் அம்மாவுக்குத் தெரியாமல்