பூசணிக்காய்க்குச் சவரம்

சலூன்காரருக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் உண்டு. ஒன்று, இருபத்தாறு வருடமாகத் தான் தீட்டும் சவரக்கத்தி. இன்னொன்று, மனைவி. இரண்டையும் சேர்த்து ஒரு நல்ல காரியம் செய்யலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தோன்றியதுதான் வினை.

மனைவி ஓர் அலுவலகக் கேன்டீனில் காய் வெட்டுகிறவள். ஒன்பது வருடம் வெட்டியாயிற்று. தலைமைச் சமையல் வேலை காலியானதும் மனு போட்டாள். அங்கேயே வேலை பார்க்கும் இன்னும் இரண்டு பெண்களும் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை மேனேஜர் முன்னால் மூன்று பேரும் பூசணிக்காய் வெட்டி, சமைத்துக் காட்ட வேண்டும். கத்தி அவரவர் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் கேன்டீன் கத்திகள் வெண்ணெயைக்கூட யோசித்துத்தான் வெட்டும்.

"இந்தத் தடவையும் இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா, இனிமே நான் கேக்கவே மாட்டேங்க" என்றாள். அன்று சலூன்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கத்தி வாங்க இருவரும் பாத்திரக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே வெல்வெட் மெத்தையில் ஆறு கத்திகள் ஜமீன்தார்கள் மாதிரி படுத்திருந்தன.

"ஆறுல அஞ்சு சும்மா தூங்கும். எனக்கு ஒண்ணு போதும்" என்று அவள் மலிவுத் தட்டுப் பக்கம் போய்விட்டாள். அங்கே கிடந்த முப்பது கத்திகளையும் கிளறினாள். இரும்பு பிடியின் கடைசிவரை போகிறதா, இல்லை பாதியில் நின்றுவிடுகிறதா என்று பார்த்தாள். ஆணி ஆடுகிறதா என்று நகத்தால் நெம்பினாள். ஒற்றைக் கண்ணை மூடி, கோணல் இருக்கிறதா என்று குறி பார்த்தாள். அப்புறம் பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்துக் கடைக்காரரின் மேஜையிலேயே வெட்டிப் பார்த்து, ஒன்றை வாங்கினாள். சலூன்காரர் யாரோ எவரோ போலப் பக்கத்தில் குக்கர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னைக் கட்டிக்கும்போதுகூட நான் இவ்வளவு யோசிக்கல" என்றார் வெளியே வந்து.

"நான் யோசிச்சிருக்கணும்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் காய் வாங்கப் போன நேரம் பார்த்து, சலூன்காரர் அந்தக் கத்தியை எடுத்தார். பெண்டாட்டிக்கு இதுகூடச் செய்யாவிட்டால் என்ன சலூன்காரர்? சவரக்கத்தியைப் போலவே கல்லில் படுக்கப் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தார். தோல்வாரில் இப்படியும் அப்படியுமாக இழுத்தார். முன்கையில் வைத்ததும் முடி தானாக உதிர்ந்தது. பழையபடி துணியில் சுற்றி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை அவள் கிளம்பிப் போனபிறகு, அவளுடைய அண்ணன் சலூனுக்குச் சவரத்துக்கு வந்தார். அவர் தச்சர். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்கு நுரை பூசும்போது சலூன்காரரால் அடக்க முடியவில்லை. தீட்டிய கதையைப் பெருமையாக எடுத்துவிட்டார்.

தச்சர் நாற்காலியில் நிமிர்ந்தார். "மாப்ள, படுக்கவச்சா தீட்டினீங்க?"

"பின்னே, நிக்கவச்சா தீட்டுவாங்க?"

"அது கன்னத்துக்கு, மாப்ள! இவ பூசணிக்காய் வெட்டப் போறா. கத்தி முதுகைச் சுண்டுவிரல் நுழையற அளவுக்குத் தூக்கிப் பிடிச்சுத் தீட்டணும். நீங்க தீட்டின தீட்டுக்குக் கத்தியோட வாய், அந்தக் கூர் ஓரம், காகிதம் மாதிரி இருக்கும். முதல் வெட்டுலயே மடங்கிடும்."

ஒன்பது வருடம் அவள் காத்திருந்ததை ஒரு மணி நேரத்தில் தேய்த்துக் கெடுத்துவிட்டோமே என்று சலூன்காரருக்கு உறைத்தது. துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினார். "மாப்ள, இன்னொரு கன்னம்!" என்ற கூப்பாடு தெருமுனைவரை கேட்டது.

வழியில் பாத்திரக் கடை. கை முதலில் வெல்வெட் பெட்டிப் பக்கம்தான் போனது. பிறகு இழுத்துக்கொண்டார். மலிவுத் தட்டைக் கிளறினார். பிடியைத் திருப்பிப் பார்த்தார், ஆணியை நெம்பினார், ஒற்றைக் கண்ணை மூடினார்.

"ஒரு தக்காளி இருக்குமா?"

"குடும்பமே இப்படித்தானா?" என்று கேட்ட கடைக்காரர், தலையில் அடித்துக்கொண்டு தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முதல் கத்தி தோலில் வழுக்கியது. இரண்டாவது, கையை அழுத்தாமலே உள்ளே இறங்கியது. அதை வாங்கிக்கொண்டு மறுபடி ஓட்டம்.

கேன்டீனின் பின்வாசலில் அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்திருந்தது. சலூன்காரர் மூச்சு வாங்க மூச்சு வாங்க, கேட்பதற்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

"தெரியும்" என்றாள் அவள். "பூசணிக்காய்ல வச்சதுமே வாய் மடங்கிடுச்சு. வீட்டுல இந்த வேலை பண்ண வேற யாரு இருக்கா? ஒரு பீங்கான் டீ கப்பைக் கவுத்து, அடியில சொரசொரன்னு ஒரு வளையம் இருக்குமே, அதுல தேய்ச்சு சரி பண்ணேன். பக்கத்துல அவங்க ரெண்டு பேரும் மொக்கைக் கத்தியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாங்க. 'அக்கா, எங்களுக்கும்'னு நீட்டினாங்க. தேய்ச்சுக் குடுத்தேன்."

"போட்டிக்கு வந்தவங்களுக்கா?"

"விரலை அறுத்துக்கட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

"சரி, வேலை?"

"மூணு பேர் சமையலும் நல்லாத்தான் இருந்துச்சாம். ஆனா எதிர்ல நிக்கிறவங்களுக்கும் கத்தி தீட்டிக் குடுக்கிற ஆளுதான் அடுப்படிக்கு வேணும்னு மேனேஜர் சொல்லிட்டார்."

சலூன்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் நின்ற இடம் மறந்துபோய், வாயையும் திறந்துவிட்டார். "அப்போ ஒரு வகையில என்னாலதான்..."

அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கினார். அவர் கையிலிருந்த பொட்டலத்தை அவள் பிரித்தாள். பிடி, ஆணி, கோணல் எல்லாம் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"யார் பொறுக்கினது?"

"நான்தான்."

"நல்லாவே பொறுக்கியிருக்கீங்க." அவள் கத்தியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "நீங்களே வச்சுக்கோங்க. நாளையிலேர்ந்து நான் விடியறதுக்குள்ள இங்க வரணும். வீட்டுச் சமையல் இனிமே உங்க பொறுப்பு."

சலூன்காரர் கையிலிருந்த கத்தியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெங்காயம்கூட நானேவா?"

"அதுலேர்ந்துதான் ஆரம்பம்" என்றாள் தலைமைச் சமையல்காரி.