சனிக்கிழமை கேக் ஏன் கருகியது?

போன சனிக்கிழமையும் கேக் கருகிவிட்டது.

ஒரு தடவை கருகினால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். இரண்டாவது தடவை ஓவன்மேல் பழி போடலாம். தொடர்ந்து நான்கு சனிக்கிழமை கருகினால் யார்மேல் போடுவது? நான் என் வீட்டுக்காரர்மேல் போட்டேன். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் உங்களிடம் எதை மறைத்திருக்கிறேன்?

வாராவாரம் சனிக்கிழமை கேக் என்று எழுதுகிறீர்களே, எத்தனை நிமிடம் வேகவிட வேண்டும் என்று ஒரு நாளாவது சொன்னீர்களா என்று வாசகிகள் சிலர் கோபமாகக் கடிதம் போட்டிருந்தார்கள். சொல்லாததற்குக் காரணம் உண்டு. எனக்கே தெரியாது!

கால் கிலோ மைதா, கால் கிலோ வெண்ணெய், கால் கிலோ சர்க்கரை, நாலு முட்டை. அதெல்லாம் மனப்பாடம். நேரம் மட்டும் எங்கள் வீட்டில் கடிகாரத்தில் இல்லை. ஜெபமாலையில் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் வந்த பழக்கம் இது. அப்போது எங்களிடம் இருந்தது ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், மணல் நிரப்பிய ஒரு அலுமினியச் சட்டி. கேக் கலவையை உள்ளே வைத்துவிட்டு இரண்டு பேரும் முழங்கால் போடுவோம். ஜெபமாலை, மாதா மன்றாட்டுமாலை, மனதுக்குள் வேண்டுதல், கடைசியில் ஒரு பாட்டு. பாட்டு முடிந்ததும் எழுந்துபோய் ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்பேன். குச்சி சுத்தமாக வரும். மணல் சட்டி போய், கண்ணாடி மூடி வைத்த வட்ட ஓவன் வந்தது. முழங்கால் போய், நாற்காலி வந்தது. ஜெபத்தின் நீளம் மட்டும் முப்பத்துநாலு வருஷமாக மாறவில்லை.

எப்படி மாறும்? ஜெபத்தை நடத்துகிறவர் ரயில்வே கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். தாம்பரத்தில் எலக்ட்ரிக் டிரெயினில் ஏறி முதல் மணியைத் தொட்டால், பரங்கிமலை ஸ்டேஷனில் கடைசி மணியை விடுவார். ஒரு நிமிடம் முன்னே பின்னே போகாது.

கடிகாரம் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். “ஜெபத்துல கடிகாரம் பாக்கிறதுக்குப் பேரு ஜெபமா, பிலோ?” என்று என்னையே திருப்பிக் கேட்பார். அந்த விஷயத்தில் இவரிடம் எதிர்வாதம் செய்ய முடியாது. அதனால் கண்ணை மூடிக்கொள்வேன்.

முதல் சனிக்கிழமை கேக்கின் அடிப்பக்கம் கருகியது. சுரண்டிவிட்டுச் சாப்பிட்டோம். இரண்டாவது சனிக்கிழமை நாலு பக்கமும் கருப்பு. மன்றாட்டுமாலையின்போதே வாடை வந்துவிட்டது. ஆனால் பாட்டை முடிக்காமல் இவர் எழுந்திருக்க விடுவாரா?

ஓவன் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் மோட்டார் காயில் சுற்றுகிற குமார், எங்கள் கேம்ப் ரோடு பக்கம்தான் குடியிருக்கிறார். வேலை முடிந்து வரும் வழியில் எட்டிப் பார்த்தார். ஓவனைக் குப்புறப் போட்டார், ஸ்க்ரூவைக் கழற்றினார், டெஸ்டரை வைத்தார்.

“யம்மா, காயில் சோக்கா கீது. இதுல இன்னா கம்ப்ளெய்ன்ட்டு?”

“ரெண்டு வாரமா கருகுதே குமாரு?”

“நீங்க ஆன் பண்ணிட்டு எங்கனா பூட்டீங்களா?”

எங்கே போவேன்? ஜெபத்தில்தானே இருக்கிறேன்! அவர் போன பிறகு அந்தக் கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஓவன் சரியாக இருக்கிறது என்றால், நீண்டுபோனது எது?

மூன்றாவது சனிக்கிழமை ஒரு திருட்டுத்தனம் செய்தேன். ஜெபம் தொடங்கும் முன்பு ஹால் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தேன். பாட்டு முடிந்ததும் ஒரு தடவை. ஏழு மணிக்குத் தொடங்கியது. முடியும்போது ஏழே முக்கால். வழக்கமாக டெலிவிஷனில் ஏழரைச் செய்திகளின் தலைப்பை மட்டும்தான் தவறவிடுவோம். அன்றைக்குச் செய்தியே முடிந்துவிட்டது.

அப்படியென்றால் நீண்டுபோனது ஜெபம்தான். கேக் போனதைப் பற்றி அப்போது யாருக்குக் கவலை?

சிட்லபாக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த வாத்தியார் ஒருவர் இருக்கிறார். தினமும் ஏரிக்கரையில் வாக்கிங் போகிறவர், ஒரு நாள் அவர் வீட்டு வாசலைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார். யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அதற்கு முன்னால் அவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வாராம். வீட்டில் கிண்டல் செய்தார்களாம்.

இவரும் சொன்னதையே சொல்கிறார்... ஒரே மணியை இரண்டு தடவை உருட்டுகிறார்... நான் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! எனக்கு அப்படித்தான் தோன்றியது. தோன்றியதிலிருந்து தாகமும் அடங்கவில்லை. வெயில் வேறு. சொம்பு சொம்பாகக் குடித்தும் நாக்கு வறண்டது.

கேட்டுவிட வேண்டியதுதானே? எப்படிக் கேட்பது? “ஏங்க, உங்களுக்கு மறதி வந்துடுச்சா?” என்று முப்பத்துநாலு வருஷம் கூட வாழ்ந்தவரிடம் கேட்க உங்களுக்கு வாய் வருமா? எனக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக, உலகத்தில் பெண்டாட்டிகள் செய்கிற வேலையைச் செய்தேன். வேவு பார்த்தேன்.

புதன்கிழமை இவரைச் சேலையூர் கடைக்கு அனுப்பினேன். துண்டுச்சீட்டு கொடுக்காமல், வேண்டுமென்றே ஏழு சாமான் வாயால் சொன்னேன். கொத்தமல்லி, எலுமிச்சம்பழம், சோப்பு, தீப்பெட்டி, ஜவ்வரிசி, பேக்கிங் பவுடர், வெள்ளை நூல்கண்டு. வாசல்பக்கமே நாற்காலி போட்டுக் காத்திருந்தேன். கண் விழித்துப் பார்த்தால் பை மேஜைமேல் இருந்தது. பதறிக்கொண்டு எண்ணினேன். ஆறு. நூல்கண்டு இல்லை. கொத்தமல்லியை ஆய்கிற சாக்கில் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

வியாழக்கிழமை அதைவிட மோசம். காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

“பிலோ, நம்ம கல்யாணத்தன்னிக்கு மழை பெஞ்சுதா?”

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க? கோயில் வாசல்ல வழுக்கி உங்க வேட்டியெல்லாம் சேறாயிடுச்சே!”

“ஆமாமா... சேறு” என்று என்னையே உற்றுப் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

கல்யாண மழையையே மறந்துவிட்டாரே! அந்த இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. பெங்களூரில் இருக்கும் மகளுக்குச் சொல்லலாம் என்று எஸ்.டி.டி. பூத் வரை போய், மூன்று பேர் வரிசையில் நின்றதைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். வரிசை ஒரு சாக்கு. வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடும் என்கிற பயம்தான் காரணம். கடவுளிடம் மட்டும் சொன்னேன். அதுவும் மனதுக்குள். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாரே.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். கேக்கை ஓவனில் வைத்தேன். இன்றைக்குக் கண்ணை மூடப்போவதில்லை, இவர் உருட்டுகிற ஒவ்வொரு மணியையும் எண்ணப்போகிறேன் என்று தீர்மானம். பாவம் என்றால் அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் ஜெபமாலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு ரகசியத்துக்குப் பத்து மணி, மொத்தம் ஐந்து ரகசியம். ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்குவார். பாதியில் நிறுத்துவார். மற்றவர் “அர்ச்சிஷ்ட மரியே” என்று மீதியைச் சொல்லி முடிக்க வேண்டும். அவர் தொடங்குவார், நான் முடிப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

முதல் ரகசியம் பத்து மணி, சரி. இரண்டாவது, சரி. ஒரு மணிகூடப் பிசகவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்றாவதில் ஐந்து... ஆறு... ஏழு... எட்டு...

சத்தமே இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். இவர் ஜெபம் சொல்லவில்லை. எட்டாவது மணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து கருகல் வாடை.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்தது உடைந்துவிட்டது.

“ஏங்க... எத்தனாவது மணின்னு மறந்துட்டீங்களா?”

“எட்டாவது மணி.”

“அப்புறம் ஏன் நிறுத்திட்டீங்க?”

“நீ இன்னும் பதில் சொல்லலையே பிலோ. இந்த மணியில இருபது நிமிஷத்துக்கு மேல நிக்கறேன்.”

எனக்குப் புரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. கண்ணை மூடுவதில்லை என்று சபதம் போட்டவள், உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன்!

“ஒரு மாசமா இப்படித்தான்” என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை. “பாதியில உன் சத்தம் நின்னு போயிடும். தலை தொங்கிடும். கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணும் நடக்காத மாதிரி விட்ட இடத்துல இருந்து சொல்லுவே. முதல் வாரம் அசதின்னு நெனச்சேன். அப்புறம் பயமாயிடுச்சு.”

“எழுப்ப வேண்டியதுதானே?”

“எழுப்பினா உனக்குத் தெரிஞ்சிடும். நீதான் எதுக்கும் பயந்து சாவியே.”

“என்னை விட்டுட்டு நீங்களே முழுசாச் சொல்லி முடிச்சிருக்கலாமில்ல?”

இவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “சிக்னல் விழாம வண்டிய எடுப்பாங்களா?”

“அப்போ நூல்கண்டு?”

“கடையில ஸ்டாக் இல்லன்னு உன் முன்னாடி நின்னு சொன்னேன். நீ நாற்காலியிலேயே தூங்கிட்டிருந்தே. வாசக்கதவு திறந்து கெடந்தது.”

“மழை?”

தலையைக் குனிந்துகொண்டார். “உனக்கு ஞாபகம் எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கத்தான் கேட்டேன். மழைய எப்படி மறப்பேன்? அந்த வேட்டி வாடகை வேட்டி!”

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ஒரு மாதமாக அவர் பைத்தியம் பிடிக்காத குறையாக என்னை டெஸ்ட் செய்திருக்கிறார், நான் அவரை. ஒரே ஹாலில் அக்கம்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரே கடவுளிடம், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரைப் பற்றி மனு கொடுத்திருக்கிறோம். கடவுளுக்கு எப்படி இருந்திருக்கும்!

கடவுளுக்குச் சொல்வதைப் பக்கத்து நாற்காலிக்கும் சொல்லியிருந்தால் மூன்று கேக் பிழைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ரகசியத்தின் மீதி மணிகளையும், மீதி இரண்டு ரகசியத்தையும் சேர்ந்தே சொல்லி முடித்தோம். ஒவ்வொரு மணிக்கும் இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கருகிய கேக்கின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டோம். நான் ஆசை தீரச் சாப்பிட்ட கடைசித் துண்டு அதுதான் என்று அப்போது தெரியாது.

திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றோடு டாக்டரிடம் கூட்டிப் போனார். ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்தார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருந்த அந்த பெஞ்சில் இவர் ஜேபிக்குள் கையை விட்டு மணியை உருட்டிக்கொண்டே இருந்தார். முதல்முறையாகத் தப்புத்தப்பாக.

“எத்தனை நாளா இப்படித் தாகம்?” என்றார் டாக்டர்.

“வெயில்னு நெனச்சேன் டாக்டர்.”

“சர்க்கரைம்மா. நிறைய ஏறியிருக்கு. அதான் இந்த அசதி, தூக்கம். நல்லவேளை, கேஸ் அடுப்பு பக்கத்துலயோ ரோட்டுலயோ தூங்காம ஜெபத்துல தூங்கினீங்க.”

பாருங்கள் வேடிக்கையை. வாராவாரம் கால் கிலோ சர்க்கரையை வெண்ணெயோடு குழைத்து, விரலில் தொட்டு நக்கிப் பார்த்தவளுக்கு!

மாத்திரை ஆரம்பித்திருக்கிறது. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். காலில் முள் குத்தினால்கூட இப்போது இரண்டு தடவை பார்க்கிறேன். இவர் நடுவில் எழுந்து என் மூச்சைப் பார்ப்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி படுத்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம், இல்லையா?

சனிக்கிழமை கேக்கை நிறுத்தலாம் என்றேன். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் சுட வேண்டும், அவரும் அக்கம்பக்கமும் சாப்பிட வேண்டும், எனக்கு ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு. ஜெபத்திலும் ஒரு மாற்றம். இனி நான் தொடங்குவேன், அவர் முடிப்பார். தொடங்குகிறவள் தூங்க முடியாது என்பது கார்டு ஐயாவின் கண்டுபிடிப்பு.

விஷயம் தெரிந்ததும் மகள் பதறிப்போய் பெங்களூரிலிருந்து ஒரு டைமர் வாங்கி அனுப்பியிருக்கிறாள். முட்டை வடிவத்தில் அழகாக இருக்கிறது. திருகி வைத்தால் நேரம் ஆனதும் கத்துமாம்.

அதை இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. நேரம் ஆனால் கத்தும், சரி. நான் பதில் சொல்லும்வரை காத்திருக்குமா?