ராஸ்பெர்ரி எட்டாத மூக்கு

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் எடையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசனைத் திரவியம் செய்யும் இடத்தில் பதினோரு வருடமாக அவளுக்கு எடைமேசைதான். யாரோ எழுதிய சீட்டைப் பார்த்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் மொத்தமும் சாக்கடைக்குத்தான்.

பழ வாசனைக்குப் பழத்தைப் பிழிவார்கள் என்று நம்புகிறவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். ராஸ்பெர்ரியைப் பிழிந்தால் சாறு வரும், அவ்வளவுதான். வாசனையை ஒரு வெள்ளைப் பொடி, கொஞ்சம் புளிப்பு, ஊதாப்பூ வாசம் உள்ள ஒரு தைலம் என்று சேர்த்துத்தான் கட்ட வேண்டும். அந்தத் தைலம்தான் பழத்துக்கே உயிர் என்பார்கள். அங்கேதான் வம்பு. அதை முகர்ந்தால் அவளுக்குத் தண்ணீரை முகர்ந்தது போலத்தான். சளியும் இல்லை, நோயும் இல்லை. சிலர் மூக்குக்குப் பிறவியிலேயே அந்த ஒன்று எட்டாது. மற்றவர்கள் "அடடா" என்றபோதெல்லாம் அவளும் ஒரு "அடடா" போட்டுவிட்டு வந்திருக்கிறாள், பாவம்.

முகர்வறைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. கலவைகளை உருவாக்குபவருக்கு உதவியாள் வேண்டுமாம். அவருக்குப் 'பெரிய மூக்கு' என்று பட்டப்பெயர். அது அவர் காதுக்கு மட்டும் போகாது. அடுத்தவர் எழுதியதை அளந்தே காலம் போய்விடக் கூடாது என்று எடையக்காவுக்குப் பல வருட ஆசை. வேன் ஓட்டும் புருஷனிடம் சொன்னாள்.

"அந்தத் தைலத்தைப் பத்தி நீயா போய் வாயைத் திறக்காத. கேட்டா பார்த்துக்கலாம்" என்றான் அவன்.

பரீட்சைக்குப் பெயர் எழுதாத இருபது காகிதப் பட்டைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாசனையில் தோய்த்தது. பத்தொன்பதை மளமளவென்று சொல்லிவிட்டாள். ஒன்றில் வாசனையே இல்லை. அப்படியென்றால் அதுதானே! தைரியமாகத் தைலத்தின் பெயரை எழுதினாள். இருபதுக்கு இருபது.

மறுநாள் காலையில் முகர்வறையில் பெரிய மூக்கு இரண்டு பட்டைகளை நீட்டினார்.

"ஷாம்புக்கு ராஸ்பெர்ரி. மூணு மாசமா இதோட மல்லுக்கட்டறேன். எதுல பழம் நல்லா இருக்கு?"

இரண்டிலும் வெறும் புளிப்பு. ஏதாவது ஒன்றைக் காட்டினால் பாதி வாய்ப்பு உண்டு. ஆனால் குத்துமதிப்பாக எதையும் செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

"சார், ரெண்டுலயும் எனக்குப் பழம் தெரியல. அந்த ஊதாப்பூ தைலம் என் மூக்குக்கு எட்டவே எட்டாது. நேத்து வாசனை இல்லாததைப் பார்த்துதான் பேரை எழுதினேன். நான் எடைக்கே போயிடறேன்."

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இதை நேத்தே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினார். கத்திய வாய் பாதியில் நின்றது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். ஷாம்பு போட்டுப் பார்த்தவர்களின் கருத்துகள். நிறையப் பேர் 'பழ வாசனையே இல்லை' என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மனுஷன் அதே தைலத்தைத்தான் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

தைலத்தில் தோய்த்த பட்டையோடு வெளியே போனார். வாசல் காவலர், கணக்கர், துப்புரவு செய்யும் அம்மா என்று ஐந்து பேரிடம் நீட்டினார். இரண்டு பேர், "ஒண்ணுமே இல்லையே சார்" என்றார்கள்.

திரும்பி வந்தவர் தொப்பென்று உட்கார்ந்தார். "மூணு மாசமா என் ஒருத்தன் தலைக்கே ஷாம்பு பண்ணியிருக்கேன். எடைக்கெல்லாம் போக வேண்டாம், உட்காருங்க. உங்க மூக்குக்கும் எட்டற மாதிரி ஒரு பழத்தைக் கட்டுவோம்."

எளிதாக வரவில்லை. ஒன்று இருமல் மருந்தானது, ஒன்று மிட்டாய்த்தாள் ஆனது. மூன்றாவது வாரம், பதினேழாவது பட்டை. எடையக்கா முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். இனிப்பு, அடியில் புளிப்பு, அதற்கும் பின்னால் பச்சை இலையைக் கசக்கியது போல ஒன்று. கண் கலங்கியது.

"இதைத்தானா சார் எல்லாரும் இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தீங்க?"

அவர் பட்டையை வாங்கி, கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தார்.

"ஆமாம்மா. எனக்கும் அதே பழம்தான்."