நாலு காலும் உள்ளே

போங் சுனோக்குக்கு ஐம்பத்தொன்பது வயது. கொரியாவின் புச்சோன் நகரத்தில் அவள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியிலேயே முப்பத்தொரு வருடமாகச் சலவைக் கடை வைத்திருந்தாள். ஒரு சட்டையை மேசையில் விரித்தால் போதும், அதைப் போட்டிருந்தவர் நேற்று என்ன சாப்பிட்டார், எந்தக் கையால் வாயைத் துடைத்தார் என்பதுவரை சொல்லிவிடுவாள். அவள் கைக்கு அசையாத கறை அந்தப் பேட்டையில் கிடையாது. அவள் வாயிலிருந்துதான் ஒன்று வரவே வராது. பாராட்டு.

மகள் யேரின் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதாக வந்தபோது, "முன்னாடி ரெண்டு பேரு இருக்காங்களே, யாரு அவங்க?" என்று கேட்டாள். கணவன் டோங்சிக் இருபது வருடம் ஒரு கீறல்கூட விழாமல் நகரப் பேருந்து ஓட்டியதற்காகப் பட்டயம் வாங்கி வந்த அன்று, "இடிக்காம ஓட்டுறதுக்குத்தானே சம்பளம் குடுக்குறாங்க?" என்றாள். மனதில் கெடுதல் ஒன்றுமில்லை. பாராட்டினால் ஆள் சாயம் போய்விடுவான் என்பதுபோல ஒரு பயம், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஜனவரியில் யேரினுக்கு உல்சானுக்கு வேலை மாற்றல் வந்தது. கம்பெனி விடுதியில் நாய்க்கு இடமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு கூடையோடு வந்து நின்றாள். கூடைக்குள் நாலு மாதப் பூடில் குட்டி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, சுருட்டை முடி, பானையடியில் பிடித்த காந்தல் சோற்றின் நிறம். அதனால் பெயரே நுருங்ஜி, காந்தல்.

"மூணே மாசம்மா. அதுக்குள்ள வீடு பாத்துடுவேன்."

"மூணு நாளு. நாலாவது நாளு ஒண்ணு அது இருக்கும், இல்ல நான் இருப்பேன்."

"எம்மா, அதுக்கு இன்னும் ரெண்டு தடுப்பூசி பாக்கியிருக்கு. வெளியில மண்ணுல கால வைக்கக் கூடாதாம். வீட்டுக்குள்ளயே பேட்ல உச்சா போகப் பழக்கிடு. சுலபம்தான்."

பேட் என்றால் உச்சாவை உறிஞ்சுகிற வெள்ளைச் சதுரப் பஞ்சு விரிப்பு. அதில் நூறு கொண்ட மூட்டையை வைத்துவிட்டு, சுலபம்தான் என்ற அந்த வார்த்தையையும் வைத்துவிட்டு, யேரின் ரயிலேறிவிட்டாள்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினோரு டிகிரி. உள்ளே, அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுவதால் கால் பொசுங்கச் சூடேறும் தரை. சூடான தரையில் நாய் மூத்திரம் விழுந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நுருங்ஜி பேட்டை முதல் நாள் மெத்தை என்று நினைத்துத் தூங்கியது. இரண்டாம் நாள் எதிரி என்று நினைத்துக் கடித்துக் குதறியது. வரவேற்பறை முழுக்கப் பஞ்சு, வீட்டுக்குள்ளேயே பனி பெய்த மாதிரி. உச்சாவை மட்டும் மற்ற எல்லா இடத்திலும் போனது. உட்காரும் திண்டில், குளியலறை மிதியடியில், டோங்சிக்கின் செருப்பில், அவர் தரையில் விரித்துப் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளில், அதுவும் அவர் படித்துக்கொண்டிருந்த பத்தியிலேயே.

சுனோக் கத்தினாள். அவள் கத்தினால் பன்னிரண்டாம் மாடியில் ஜன்னல் சாத்துவார்கள். குட்டி அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டது. உச்சா போவது தப்பில்லை, இந்த அம்மாள் பார்க்கும்போது போவதுதான் தப்பு. அன்றிலிருந்து கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் குளிர்பெட்டிக்குப் பின்னால் போய் ரகசியமாக முடித்துக்கொண்டது. மூன்றாவது நாள் வாசனையை மோப்பம் பிடித்துப் போய்ப் பெட்டியை நகர்த்தியது சுனோக்தான்.

"கத்துனியா?" என்றாள் யேரின் தொலைபேசியில்.

"பின்ன, தாலாட்டா பாடுவாங்க?"

"அம்மா, கத்தவே கூடாது. தப்பு பண்ணா வாயத் தொறக்காம தொடச்சிடு. பேட்ல போனா மூணு செகண்டுக்குள்ள பாராட்டணும். கொரல நல்லா மேல தூக்கி, கொஞ்சி, கை தட்டி, உடனே ஒரு தின்பண்டம். புரியுதா?"

"எல்லாம் புரியுது. பாராட்டுறதுக்கு மட்டும் வேற ஆளப் பாரு."

வேறு ஆள் என்றால் வீட்டில் டோங்சிக்தான். போன இலையுதிர்காலத்தில் ஓய்வு பெற்றவர், சாது. ஆனால் குரல் நிலவறையிலிருந்து வருகிற குரல். "ஆகா, சபாஷ்!" என்று அவர் முழங்கியதும் குட்டி போய்க்கொண்டிருந்த உச்சாவைப் பாதியில் நிறுத்தி, செருப்பு அலமாரிக்கு அடியில் நுழைந்து, மீதியை அங்கே முடித்தது. வேறு வழியில்லாமல் போயிற்று.

சலவைக்காரிக்கு ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடத் தெரியாது. கடையில் செய்வதுபோலவே செய்தாள். முதலில் பழைய வாசனையை எல்லாம் வினிகர் கலந்த தண்ணீரால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். வரவேற்பறை மூலையில் தடுப்பு கட்டி, உள்ளே நாலு பேட்டைச் சந்து தெரியாமல் ஒட்டி விரித்தாள். அதில் ஏற்கெனவே நனைந்த பேட்டிலிருந்து ஒரு துண்டை வைத்தாள், மூக்குக்கு முகவரி தெரியட்டும் என்று. தூங்கி எழுந்ததும் குட்டியைத் தூக்கி உள்ளே விட்டாள். தின்று முடித்துக் கால்மணி நேரத்தில் மறுபடியும். விட்டுவிட்டு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து முறைத்தாள்.

நுருங்ஜி சுற்றியது. முகர்ந்தது. இன்னும் ஒருமுறை சுற்றியது. பிறகு பின்னங்காலை மடக்கி, பேட்டின் நட்டநடுவில் உச்சா போனது.

மூன்று நொடி. சுனோக் வாயைத் திறந்தாள், மூடினாள். ஒரு நொடி போனது. இரண்டு போனது.

"பரவால்ல," என்றாள்.

குட்டி தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. டோங்சிக்கும் பார்த்தார்.

"இது எந்த ஊருப் பாராட்டு?"

"நீங்க பேசாதீங்க."

மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, நீராவி இஸ்திரி சீறுகிற சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பழகினாள். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் மேலே, அப்புறம் இன்னும் மேலே. "அடி என் ராசாத்தி! எவ்ளோ அழகா உச்சா போயிருக்க! என் செல்லமே! என் பட்டே!" என்று கடைசியில் குரல் உச்சிக்குப் போனபோது இஸ்திரி அணைந்தது. திரும்பிப் பார்த்தால் கோட்டு வாங்க வந்திருந்த வங்கிக்காரர் கையில் ரசீதோடு வாசலில் நின்றிருந்தார். தன் கால்சட்டையைக் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார், பாவம்.

அன்று மாலை குட்டிக்கு முதல் முழுப் பாராட்டு கிடைத்தது. சுனோக் எழுந்து நின்று கை தட்டினாள். உலர்ந்த சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டு ஒன்றைக் கொடுத்தாள். குட்டிக்குத் தலைகால் புரியவில்லை. தடுப்புக்குள் ஏழு சுற்று ஓடிவிட்டு, விழுந்து, எழுந்து, மறுபடியும் ஓடியது. அது ஓடுவதைப் பார்த்து சுனோக்குக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொள்கிற சிரிப்பு. டோங்சிக் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

அதன்பிறகு வேலை வேகம் பிடித்தது, குட்டியின் தந்திரமும்தான். உச்சாவுக்குக் கிழங்கு என்றால் உச்சாவைப் பிரித்துப் போனால் கிழங்கு பெருகும் என்று கண்டுபிடித்தது. சொட்டு, ஓட்டம், கிழங்கு. மறுபடியும் சொட்டு. ஒரு நாளைக்குப் பதினேழு தடவை போயிற்று. சரக்கு தீர்ந்த பிறகு சும்மா உட்கார்ந்து எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு கையை நீட்டாத குறையாக நின்றது.

"ஏய், திருட்டுக் கழுத! அடியில ஒண்ணுமே இல்லையேடி!" என்று சுனோக் பேட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கிழங்கைக் கொடுத்துவிடுவாள். நடிப்புக்கு.

நாலு பேட் மூன்றானது, மூன்று இரண்டானது, இரண்டு ஒன்றானது. அங்கேதான் முட்டியது. முன்னங்கால் இரண்டையும் பேட்டில் ஒழுங்காக வைக்கும். உள்ளே வந்துவிட்டோம் என்ற முழுத் திருப்தியோடு உட்காரும். பின்பக்கம் மட்டும் வெளியே தரையில் இருக்கும். "இன்னும் ஒரு அடிடி கண்ணு, ஒரே ஒரு அடி!" என்று சுனோக் தரையோடு தரையாகப் படுத்துக் கெஞ்சுவாள். டோங்சிக் பேருந்தைப் பின்னால் எடுப்பவருக்குச் சைகை காட்டுவதுபோல இரண்டு கையாலும் வா வா என்பார்.

இதற்கிடையில் பாராட்டு அவள் கையை மீறிப் போய்விட்டது. கீழே கடையில், சேற்றுக் கால்சட்டையோடு வந்த பார்சல் கொண்டுவரும் பையனிடம், "அட, எவ்ளோ அழகா அழுக்காக்கியிருக்கீங்க!" என்றாள். ஒருநாள் காலை டோங்சிக் கழிவறையிலிருந்து வெளியே வந்ததும், "நல்லாப் போனீங்களா? என் சமத்து!" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அன்று டோங்சிக் யாரும் சொல்லாமலே பாத்திரம் எல்லாம் கழுவி வைத்துவிட்டு, கழுவுதொட்டிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

"என்ன நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"...பளபளன்னு கழுவியிருக்கீங்க."

அவர் காது சிவந்துவிட்டது.

யேரினுக்கும் ஒருநாள் பாராட்டு வந்தது. புது இடத்து வேலையைப் பற்றி அவள் தொலைபேசியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, "தனியா ஒரு ஊருக்குப் போயி எல்லாத்தையும் நீயே சமாளிக்கிறியே, சமத்துடி நீ," என்றாள் சுனோக்.

"அம்மா, ஒனக்கு ஒடம்பு எதாவது? அப்பாகிட்ட குடு போன."

டோங்சிக் வாங்கிப் பேசினார். அவர் திரும்ப வைக்கும்போது மறுமுனையில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டதாகச் சொன்னார்.

பிப்ரவரி கடைசியில் யேரின் விஷயத்தைச் சொன்னாள். கியூஹோ என்று ஒரு பையன், கல்யாணம் பேசலாம் என்று அவன் வீட்டில் சொல்கிறார்கள். இரு வீட்டாரும் ஓட்டலில் தனி அறை எடுத்துச் சந்திப்பதாக ஏற்பாடு. சந்திக்க வேண்டிய நாள் காலை ஓட்டலில் குளிரில் தண்ணீர்க் குழாய் வெடித்து, எல்லா முன்பதிவும் ரத்து. கியூஹோ வீட்டார் ஏற்கெனவே பாதி வழியில்.

"நம்ம வீட்டுக்கே வரச் சொல்லு," என்றாள் சுனோக். சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்து, கையில் துடைப்பானை எடுத்தாள்.

கியூஹோவோடு வந்தவர்கள் இரண்டு பேர். அப்பா நம்குங், சுங்கத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முதுகில் பலகை வைத்துக் கட்டினதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா மெல்லிசான பெண்மணி, பால் நிறக் கம்பளிக் கோட்டு. அதைக் கழற்றி, வெள்ளைப் பட்டு உள்துணி வெளியே தெரிகிற மாதிரி சதுரமாக மடித்து, பக்கத்தில் தரையில் வைத்தார். மாட்டி வைக்கிறேன் என்று சுனோக் நீட்டிய கையை, "இருக்கட்டுங்க, சிரமம் வேணாம்," என்று தடுத்துவிட்டார்.

வறுத்த மாட்டிறைச்சி, காய்கறிச் சேமியா, மீன் அடை என்று அவசரத்துக்குச் செய்ததெல்லாம் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் தாழ்ந்த மேசைக்கு வந்தது. யேரினும் கியூஹோவும் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். நம்குங் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார், சாமான் பெட்டியைத் திறந்து பார்ப்பவரைப் போல. அந்த நேரத்தில் தடுப்பைத் தாண்டி நுருங்ஜி வந்தது. கோட்டைப் பார்த்தது. வெள்ளை, சதுரம், தரையில் இருக்கிறது. முகர்ந்தது. சுற்றியது. ஒரு கால், இரண்டு கால், மூன்று கால், நாலாவது காலையும் உள்ளே எடுத்து வைத்து, நட்டநடுவில் உட்கார்ந்தது.

"அடியே! என் தங்கமே!" சுனோக் துள்ளி எழுந்துவிட்டாள். "நாலு காலும் உள்ள! நாலு காலும் உள்ளடி! என் ராசாத்தி! என் பட்டே!" கை தட்டினாள். டோங்சிக்கும் எழுந்து கை தட்டினார். கிழங்குத் துண்டு அவர் சட்டைப்பையிலிருந்து மூன்று நொடிக்குள் வந்துவிட்டது. குட்டி மேசையைச் சுற்றி ஓடியது.

யேரின் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

நம்குங் சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்தார். "இப்ப நீங்க பாராட்டுனது... எதுக்குங்க?"

சுனோக்குக்கு அப்போதுதான் கோட்டு கண்ணில் பட்டது. முப்பத்தொரு வருடம் அடுத்தவர் துணியைக் காப்பாற்றியவள். தடுப்பூசி, பேட், பின்பக்கம், மூன்று நொடி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒரே வாக்கியமாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு இடுப்பை ஒடித்துக் குனிந்தாள்.

கியூஹோவின் அம்மாவிடமிருந்து ஒரு விக்கல் சத்தம் வந்தது. அழுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். "இந்த மனுசன் வேலைய விட்டு வந்த அன்னைக்கிக்கூட வீட்டுல யாரும் இப்படிக் கை தட்டலங்க," என்று கணவரைக் காட்டி மறுபடியும் சிரித்தார். கியூஹோவும் தொடங்கிவிட்டான். நம்குங் மட்டும் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தியம்மா, எங்கூட வாங்க. காயறதுக்குள்ள போயிடணும்," என்று சுனோக் கோட்டை அள்ளிக்கொண்டாள். சம்பந்தியம்மா என்று முந்திக்கொண்டு அழைத்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. மின்தூக்கியில் இறங்கிப் பூட்டின கடையைத் திறந்தார்கள். குளிர்ந்த தண்ணீரில் ஒற்றி, வினிகரில் ஒற்றி, பட்டின் இழை கலையாமல் அடியில் துணி கொடுத்து, தூரத்திலிருந்து நீராவி காட்டினாள். கியூஹோவின் அம்மா பிளாஸ்டிக் உறை போட்ட சட்டைகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காலரில் இருந்த பழைய காப்பிக் கறையும் போய்விட்டது. அது யாரும் கேட்காமல் அவளாகச் செய்த வேலை.

"என்ன கைங்க ஒங்களுக்கு! இத மூணு கடையில முடியாதுன்னுட்டாங்க. நான் இப்படி ஒரு வேலையப் பாத்ததே இல்ல."

சுனோக் இஸ்திரியை வேண்டுமென்றே அழுத்தி, எழுந்த ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். "அது... மெஷின் நல்ல மெஷினு," என்றாள்.

ஜூனில் கல்யாணம் நடந்தது. வீடு கிடைத்துவிட்டது, நாயைக் கொண்டுபோகிறேன் என்று யேரின் இரண்டு தடவை வந்தாள். இரண்டு தடவையும் நுருங்ஜிக்கு வயிறு சரியில்லை என்று சுனோக் சொல்லிவிட்டாள். மூன்றாம் தடவை யேரின் கூடையே கொண்டுவரவில்லை.

ஜூலையில் ஒருநாள் கடைத் தொலைபேசி ஒலித்தது. நம்குங். பேச்சை எங்கெங்கோ சுற்றிக் கொண்டுவந்தார். மழை, தக்காளி விலை, முட்டிவலி. கடைசியில், வீட்டில் ஒரு மால்ட்டீஸ் நாய்க்குட்டி வந்திருக்கிறது என்றார்.

"பேட் நாலு விரிச்சாச்சுங்க. அந்தக் கொரலுதான்... எப்படின்னு ஒருதடவ..."

சுனோக் கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, முழுக் குரலில் செய்து காட்டினாள்.

மறுமுனையில் சுங்க அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "அடி... என்... ராசாத்தி."

"இன்னும் மேல, சம்பந்தி. இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க!"

அவர் தூக்கினார்.