கடிகாரப் பொம்மைக்கு ஏறிய தங்கம்

செங்கல்பட்டு பஜாரில் என் வீட்டுக்காரருக்குச் சின்னக் கடிகாரக் கடை. பேட்டரி மாற்றித்தான் எங்களுக்குச் சோறு. ஆனால் மாமல்லபுரத்துப் பழம்பொருள் வியாபாரி, பிரெஞ்சுக் கடிகாரம் எது கெட்டாலும் இவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார். மயிரிழை ஸ்பிரிங்கை இடுக்கியில் எடுத்து வைக்கும்போது இவர் கை துளி அசையாது. அந்தக் கையைப் பார்த்துத்தான் எங்க அத்தா எனக்கு இவரைப் பேசி முடித்தார்.

போன வருஷம் அவர் ஒரு ரிசார்ட்டுக்கு விற்கப்போகும் மேசைக் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். அத்தனை பழசு, ஆனாலும் நேரம் தப்பாது. மேலே உட்கார்ந்திருந்த பொம்மையின் தங்க முலாம்தான் உப்புக்காற்றில் உரிந்து, பாவம், தேமல் விழுந்த முகமாய் இருந்தது.

"கரண்ட் முலாம் வேணாம் அண்ணாத்த. ரிசார்ட்காரன் பாத்தவொடனே கண்டுபுடிச்சிடுவான். அந்தக் காலத்து மாதிரியே பாதரசத்துல போட்டுக் குடு," என்றார் வியாபாரி.

தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, பொம்மைமேல் பூசி, நெருப்பில் காட்ட வேண்டும். பாதரசம் புகையாகப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். பாரிஸில் இந்த வேலை செய்தவர்கள் பல் கொட்டி, கை நடுங்கி, சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்தார்கள் என்று இவரே எனக்குக் கதை சொன்னார். எனக்கு வந்ததே கோபம்!

"தெரிஞ்சிகினே அதே வேலைய செய்வீங்களா? புத்தி கெட்டுப்போச்சா இன்னா?"

"அவனுங்க கதவ சாத்திக்கினு செஞ்சானுங்கடி. நான் ஜன்னல தொறந்து வச்சிக்கினு செய்யப்போறேன். கடக்காத்து அள்ளிக்கினு பூடும்."

கடைக்குப் பின்னால் இருந்த ஒரே ஜன்னல் கிழக்கே பார்த்தது. சாயங்காலக் கடற்காற்று அதன் வழியாக உள்ளே வந்து, புகையை இவர் மூஞ்சியிலேயே அடித்தது. என்னை மட்டும் உள்ளே விடவில்லை. ஆக பயம் இருந்திருக்கிறது, பாருங்கள்.

முதல் பொம்மை தகதகவென்று வந்ததும் அடுத்தடுத்து வேலை வந்தது. மழைக்காலத்துக்குள் இவருக்கு ஈறு வீங்கியது. கடைப் பூட்டில் சாவி நுழைக்க முடியவில்லை. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இனிமேல் அந்த வேலை பக்கமே போகக் கூடாது, ஆனால் நடுக்கம் போகுமா என்று சொல்ல முடியாது என்றார்.

போன மாசம், அந்த முதல் கடிகாரம் நின்றுவிட்டது என்று வியாபாரி எங்களை ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனார். துடைக்கிறவர்கள் நகர்த்தியதில் பெண்டுலம் கழன்றிருந்தது. கொக்கியில் மாட்டினால் போதும். இவர் மாட்டப் போனார், முடியவில்லை. மறுபடியும் மாட்டிப் பார்த்தார். நான் வாங்கி மாட்டினேன். "கொஞ்சம் இடது பக்கம் தள்ளு," என்றார். ஓடியது.

முகப்பில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது. கடிகாரம் செய்தவன் பேராம்.

"பொம்மைக்குத் தங்கம் போட்டவன் பேரு எங்க?"

"அதெல்லாம் போட மாட்டாங்கடி."

மேனேஜர் பொம்மையைத் தடவிப் பார்த்து, என்னமா ஜொலிக்குது என்று சிரித்தார். எங்களுக்கு டீ கொண்டுவரச் சொன்னார். வந்த கப்பை இவர் தொடவில்லை, கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டார். அத்தனை பேர் பார்க்க, நான்தான் ஊதி ஊதிக் குடிக்க வைத்தேன்.